எட்டாங்கட்டையில் சொன்ன கதை

வாங்க, வாங்க. செருப்ப வெளிய விடாதீங்க, பக்கத்து வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிடும். உள்ளயே விடுங்க. உட்காருங்க சம்பந்தி. இன்னும் சம்பந்தி ஆகலதான், தெரியும். பூ வச்சு சேலை குடுத்தாச்சா, வாய்ல அப்படியே வந்துடுது. பசியாறிட்டீங்களா? வனமாலா, மாப்பிள்ளையோட மாமா வந்திருக்காரு பாரு. ரெண்டு தோசை ஊத்தும்மா.

சுத்தி வளைக்க வேணாம். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க அக்கா பட்டம்மா அனுப்பி வந்திருக்கீங்க. மாப்பிள்ளை ஞானசேகரனுக்கு என் பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. போன வாரம் வரைக்கும் உங்க அக்காவுக்கும் ஒரு கொறையும் இல்ல. எவனோ ஒருத்தன் போய், 'பொண்ணோட அப்பன் தனவேலு யாருன்னு நெனச்சே, ஜப்பான்காரன் காலத்துல பெட்டியத் தூக்கிக்கிட்டு தோட்டம் தோட்டமா வந்து படம் காட்டினானே, அவன்தான்'னு ஓதிட்டான். அதோட அவங்க கதவச் சாத்திட்டாங்க. நீங்க என்னை நேர்ல பாத்துக் கேட்டுட்டுப் போய்ச் சொல்ற வரைக்கும் கல்யாணப் பேச்சு கெடையாது. அதானே?

நல்லாக் கேளுங்க. ஊர் வாய மூட உலைமூடி கெடையாது, ஆனா நேர்ல வந்து கேக்கறவருக்கு நான் பதில் சொல்லுவேன். என் பொண்ணு வனமாலாவுக்கு அம்மா இல்ல. இதுக்கு முன்னாடி வந்த எடமும் இதே பேச்சுலதான் கலைஞ்சுது. இதுவும் போச்சுன்னா என் பொண்ணு எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கிட்டே கெழவி ஆகிடுவா. அது என் நெஞ்ச அறுக்குது சம்பந்தி. அதனால நான் ஒண்ணும் மறைக்கப் போறதில்ல. கேட்டுட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்க.

உங்க மச்சான், மாப்பிள்ளையோட அப்பா வேலாயுதம், சயாமுக்கு ரயில் போடப் போனாரு, திரும்பல. பாவம்தான். நான் இல்லங்கல. அவரு மட்டுமா, தோட்டத்துக்குத் தோட்டம் வண்டி வண்டியாப் போனாங்க. ஆனா அந்த ரயிலு நானா போட்டேன்? துப்பாக்கி புடிச்சவன் ஜப்பான்காரன், லோரி ஓட்டினவன் வேற ஒருத்தன், ஆளுங்கள எண்ணி ஏத்தினது கங்காணிங்க. அவனுங்கள்ல பாதிப் பேரு இன்னிக்குக் கோயில் கமிட்டில உட்கார்ந்திருக்கானுங்க. நான் கதை சொன்னேன். எய்தவன் இருக்க அம்ப நோவானேன்?

நான் அதுக்குப் போனதே வயித்துக்குத்தான். அதுக்கு முன்னாடி ஆத்தோரத் தோட்டத்துல கித்தா மரம் சீவி ரப்பர் பால் எடுத்துக்கிட்டிருந்தேன். திருவிழாவுல கூத்து போட்டா நான்தான் கட்டியக்காரன். நான் மேடையில கால் வச்சாலே சனம் சிரிக்கும். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளக்காரத் தொரைங்க ஓடிட்டானுங்க, மரம் சீவற வேலை நின்னுபோச்சு. எல்லாரும் மரவள்ளிக்கெழங்குதான். சேலை இல்லாம பொம்பளைங்க கோணிச்சாக்கச் சுத்திக்கிட்டு இருந்தாங்க. உங்களுக்கும் தெரியும், நீங்களும் அப்ப வளர்ந்த ஆளுதான். அந்த நேரத்துல ஈப்போவிலேருந்து ஒரு ஆபீஸர் வந்து, 'இங்க நல்லாப் பேசத் தெரிஞ்சவன் யாரு'ன்னு கேட்டான். எல்லாரும் என்னைக் கையக் காட்டினாங்க. அன்னிக்கு என்னைக் கையக் காட்டின அதே ஆளுங்கதான் இன்னிக்கு என்னைப் பாத்தா காறித் துப்பறாங்க.

எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவன் பேரு ஒகாதா. பட்டாளத்துச் சட்டை போட்டிருப்பான், ஆனா அவன் பட்டாளத்தான் இல்ல. ஒசாகாங்கற ஊர்ல தெருத்தெருவா சைக்கிள்ல போய்ப் பிள்ளைங்களுக்குப் படம் காட்டிக் கதை சொல்லிப் பொழைச்சவன். அவங்க ஊர்ல அது பெரிய தொழிலாம். சைக்கிள் பின்னால ஒரு மரப்பெட்டி. தெருமொனையில நிறுத்தி ரெண்டு கட்டைய டக்கு டக்குன்னு தட்டுவான், பிள்ளைங்க ஓடியாரும். மிட்டாய் வாங்கின பிள்ளை முன்னால உட்காரலாம், வாங்காதது பின்னால நிக்கணும். மிட்டாய் வித்து முடிச்சதும் பெட்டியத் தொறப்பான். அவனுக்குக் கொஞ்சம் மலாய் வரும், எனக்கும் வரும். அதுலயே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தான்.

பெட்டி எப்படின்னா, முன்னால மூணு கதவு. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, மேல ஒண்ணு. தொறந்தா சன்னதி தொறந்த மாதிரி இருக்கும். உள்ள அட்டைங்க, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அடுக்கி. ஒரு அட்டைக்கு ஒரு படம். பக்கத்துல ஒரு சந்து இருக்கும், அது வழியா அட்டைய இழுத்தா பின்னால இருக்கற படம் தெரியும். இழுத்த அட்டையக் கடைசியில சொருகணும். அதோட முதுகுல அடுத்த படத்துக்கான கதை எழுதியிருக்கும். சனங்களுக்குப் படம், நமக்கு எழுத்து. ஆபீஸ்ல கணக்கெழுதற ஒரு தமிழ்க் கிராணி அந்தக் கதையத் தமிழ்ல எழுதி ஒட்டிக் குடுத்தான். அதை நான் படிச்சேன். அதான் நான் பண்ண குத்தம். ஒட்டியிருந்ததப் படிச்சதுக்கு ஒருத்தனத் தூக்குல போடுவாங்களா?

ஆனா ஒண்ணு சொல்றேன், கிராணி எழுதினது ரெண்டு ரெண்டு வரிதான். 'சாமிக்கண்ணு ஏழை. அவன் சயாம் சென்றான். அங்கே அரிசி உண்டு.' இதை அப்படியே படிச்சா எவன் நிப்பான்? தைப்பிங் பக்கம் ஒருத்தன் இருந்தான், பள்ளிக்கூட வாத்தியார், அவனுக்கும் இதே அட்டைங்கதான் குடுத்தாங்க. அவன் புஸ்தகம் படிக்கற மாதிரி படிச்சான். ஒருத்தன் கூட லோரி ஏறல. இன்னிக்கு அவனப் பத்தி யாராவது ஒரு வார்த்த தப்பாப் பேசறாங்களா? தொழில் தெரியாதவனுக்கு நல்ல பேரு, நல்லாச் சொன்னவனுக்குக் கெட்ட பேரு. இது என்ன ஞாயம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

படத்த வரைஞ்சவனும் ஜப்பான்காரன்தான். நம்ம ஆளுங்கள அவன் பாத்ததே கெடையாது போல. சாமிக்கண்ணு வேட்டியக் கவுன் மாதிரி கட்டியிருப்பான். அவன் பொஞ்சாதிக்கு ஜப்பான்காரி மூஞ்சி, நெத்தியில பெரிசா ஒரு பொட்டு. மொத தடவ காட்டினப்ப சனம் சிரிச்சிடுச்சு. ஒகாதா பயந்துட்டான். நான் பயப்படல. 'என்ன சிரிக்கறீங்க, பட்டினி கெடந்து கெடந்து எம்பொஞ்சாதி மூஞ்சி இப்படி ஆயிடுச்சி'ன்னு சாமிக்கண்ணு குரல்லயே ஒண்ணு போட்டேன். சிரிச்ச வாய் அப்படியே நின்னுது. ஒரு பொம்பளை அழுதுட்டா. ஒகாதா என்னையே பாத்துக்கிட்டு நின்னான். அன்னிக்குத்தான் அவனுக்கு நான் யாருன்னு தெரிஞ்சுது.

எப்படி இழுக்கறதுன்னுதான் அவன் எனக்குச் சொல்லிக் குடுத்தான். வேகமா இழுக்கறது, மெதுவா இழுக்கறது, பாதி இழுத்து நிறுத்தறது. ஒரு அட்டையில காலிச் சட்டி. அதுக்குப் பின்னாடி அட்டையில சயாமு, மலை மாதிரி சோறு. நான் முன் அட்டையப் பாதி இழுத்து நிறுத்துவேன். காலிச் சட்டியும் தெரியும், சோத்துல பாதியும் தெரியும். அப்படியே பேசாம நிப்பேன். பிள்ளைங்க கழுத்த நீட்டும். பெரியவங்களும் நீட்டுவாங்க. எல்லார் தொண்டையும் ஏறி எறங்கறது எனக்குக் கேக்கும் சம்பந்தி.

மிட்டாய்க்கு எங்க போறது அப்ப. ஒகாதா ஆபீஸ்லேருந்து வெல்லக்கட்டி வாங்கிட்டு வருவான். பொடி பண்ணி, பிள்ளைங்க உள்ளங்கையில ஒரு சிட்டிகை. பிள்ளைங்களுக்கு மொதல்ல குடு, அப்பன்மாருங்க தானா வருவாங்கன்னு அவன் சொல்லுவான். அப்படித்தான் வந்தாங்க.

இன்னொண்ணு, கடைசி அட்டையக் காட்டக் கூடாது. இது அவங்க ஊர்ப் பழக்கம். கதைய முடிச்சுட்டா நாளைக்கு எவன் வருவான், மிட்டாய் எப்படி விக்கும்? அதனால முடிச்சு விழற எடத்துல பெட்டியச் சாத்திடணும். ஒகாதா சொன்னத நான் நம்ம காரியத்துக்கு ஏத்தபடி மாத்திக்கிட்டேன். சாமிக்கண்ணு சயாம்ல ரயில் ஏறி ஊருக்குத் திரும்பறான், வண்டி கூவுது, அங்க சாத்திடுவேன். வீடு வந்து சேர்ந்தானா, பொஞ்சாதியப் பாத்தானா, அதெல்லாம் கடைசி அட்டை. 'சயாமுக்குப் பேர் குடுத்தவனுக்கு மட்டும்தான் கடைசி அட்டை. லோரி ஏறற அன்னிக்கு நானே வந்து காட்டுவேன்'னு சொல்லிட்டுக் கட்டையத் தட்டிடுவேன். இது என் சொந்த யோசனை. ஆபீஸர் என் தோள்ல தட்டிக் குடுத்தான்.

இருங்க, தண்ணி குடிங்க. வனமாலா, அடுப்புச் சத்தமே காணோமே. சட்டி காயலையா? சரி சரி, மெதுவாவே ஊத்து.

உங்க தோட்டத்துக்கு வர்றேன். எட்டாங்கட்டை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அங்கதான் நான் மொதமொதல்ல தனியா வந்தேன். ஒகாதா வரல, காய்ச்சல்னு படுத்துட்டான். பெட்டி, அட்டை, கட்டை எல்லாம் நானே சைக்கிள்ல வச்சுக்கிட்டு சடக்கு ரோட்டு வழியா மிதிச்சேன். மழ விட்ட சாயங்காலம். மேல யாரும் இல்ல, எல்லாம் என் கையில. கூத்துல கூட எனக்கு அப்படி ஒரு நாள் வாய்ச்சதில்ல.

எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நான் நேரா பெட்டியத் தொறக்க மாட்டேன். மொதல்ல தண்ணிக் குழாய்க்குப் போவேன். பொம்பளைங்க தண்ணி புடிக்கற எடம். சும்மா பேச்சுக் குடுப்பேன். யாருக்குப் புதுசா கல்யாணம், யார் வீட்டுல காய்ச்சல், யாருக்குக் கொழந்த பொறந்திருக்கு, எல்லாம் அங்க தெரிஞ்சுடும். அப்புறம் கதையில சாமிக்கண்ணுங்கற பேர எடுத்துட்டு அந்த லயத்து வீடுங்கள்ல இருக்கற ஒரு ஆளு பேரப் போட்டுடுவேன். எவனோ ஒருத்தன் கதைய எவன் கேப்பான்? அவனவன் கதையச் சொன்னாத்தான் காது தொறக்கும். இதையும் எனக்கு யாரும் சொல்லித் தரல.

அன்னிக்குக் குழாயடியில சொன்னாங்க, வேலாயுதம்னு ஒருத்தர், பட்டம்மான்னு பொஞ்சாதி, பச்சக் கொழந்த, தாய்க்குப் பால் சுரக்கல, கொழந்த கெழங்குத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு ராப்பகலா அழுவுதுன்னு. அது போதும் எனக்கு. பெட்டியத் தொறந்தேன். 'எட்டாங்கட்டைத் தோட்டத்துல வேலாயுதம்னு ஒரு மகராசன்'னு ஆரம்பிச்சேன். சனம் எல்லாம் திரும்பி அவரப் பாத்துது. அவரு வெக்கப்பட்டுக்கிட்டுப் பின்னால நின்னாரு. கொழந்த அழுவற மாதிரி நானே அழுதேன். காலிச் சட்டிய வச்சுக்கிட்டு, 'பால் இல்லியே பட்டம்மா, நான் என்ன செய்வேன்'னு சொன்னப்ப எனக்கே நெசமான அழுகை வந்துடுச்சு. அது நடிப்பு இல்ல. அப்புறம் சயாமு, சோறு, டப்பாப் பால். அந்த அட்டையில டப்பா எல்லாம் கெடையாது, வெறும் மூட்டைங்கதான். மூட்டையக் காட்டி அதுக்குள்ள டப்பாப் பாலுன்னு சொன்னேன். யார் பாக்கப் போறா?

பாருங்க, அந்தக் கொழந்ததான் இன்னிக்கு மாப்பிள்ளை ஞானசேகரன். பள்ளிக்கூடத்துல வாத்தியார். அவன் அழுகைய நான் அன்னிக்கே சபையில அழுதிருக்கேன். இதெல்லாம் அன்னிக்கே எழுதி வச்ச பந்தம்னு நான் நெனைக்கறேன். இதை உங்க அக்காகிட்ட நீங்க எடுத்துச் சொல்லணும்.

கதை முடிஞ்சு கட்டையத் தட்டினதும் வேலாயுதம் முன்னால வந்தாரு. 'படக்காரரே, நான் திரும்பி வந்தேனா?'ன்னு கேட்டாரு. அவர் பேரத்தானே போட்டுச் சொன்னேன், அதனால அப்படிக் கேட்டாரு. எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். 'லோரி ஏறுய்யா, காட்டறேன்'னேன். மறுநாளே பேர் குடுத்துட்டாரு. அவரோட அந்த லயத்துல பாதி ஆம்பளைங்க குடுத்தாங்க.

சொன்ன சொல்ல நான் தவறல. லோரி வந்த அன்னிக்குப் பெட்டியோட போய் நின்னேன். எல்லாரும் லோரி மேல நிக்கறாங்க, நான் கீழேருந்து பெட்டியத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக் கடைசி அட்டையக் காட்டினேன். தகரப்பெட்டியோட அவன் லயத்துக்குள்ள வர்றான், பொஞ்சாதி கொழந்தயத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கறா. எல்லாரும் கை தட்டினாங்க. வேலாயுதமும் தட்டினாரு. உங்க அக்கா லோரிக்குப் பக்கத்துல கொழந்தையோட நின்னாங்க, அவங்களும் பாத்தாங்க. அவங்க சிரிச்சதா எனக்கு ஞாபகம்.

அதுக்கு எனக்குக் கெடச்சது என்ன தெரியுமா? ஜப்பான்காரன் தோத்துப் போன மறுமாசமே பயலுங்க வந்து என்னை நடுத்தெருவுல போட்டு அடிச்சானுங்க. இங்க பாருங்க, இந்தப் பக்கம் பல்லு இல்ல. பெட்டிய ஒடச்சு என் கண்ணு முன்னாடியே கொளுத்தினானுங்க. நல்ல மரம். அதுல ஆணியே கெடையாது, எல்லாம் சொருகல்தான். ஒரு கோயில் விசேஷத்துல கூட என் பக்கத்துல எவனும் எலை போட்டு உட்கார மாட்டான். சம்சாரத்தப் பொதைக்கற அன்னிக்குத் தூக்க ஆள் பத்தல சம்பந்தி, சீனன் ஒருத்தன் வந்து தோள் குடுத்தான். அதை நெனச்சா இன்னிக்கும் எனக்குக் கண்ணு கலங்குது.

என்ன கேட்டீங்க?

இதக் கேட்டுட்டு வரச் சொல்லித்தான் உங்க அக்கா அனுப்பினாங்களா? 'போனவங்க திரும்ப மாட்டாங்கன்னு அவனுக்கு அன்னிக்கே தெரியுமா தெரியாதா.' இவ்வளவுதானா? இதை மொதல்லயே கேட்டிருக்கலாமே. மாரியம்மா சத்தியமாத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன சயாமுக்கா போனேன்? நாலு அட்டையும் ஒரு சைக்கிளும் வச்சிருந்தவன். உங்களுக்கு ஒரு ருசு காட்டறேன். நான் சொன்ன கதையக் கேட்டுட்டு என் கூடப் பொறந்த தம்பி ஏகாம்பரமே பேர் குடுத்துட்டான். எனக்குத் தெரிஞ்சிருந்தா என் கதைய அவன் காதுல விழ விட்டிருப்பேனா? இதுக்கு மேல என்ன வேணும்?

ஆமா, ஏகாம்பரம்தான். மார்க்கெட்டுல கறிக்கடை வச்சிருக்கானே, அவனேதான். பூ வைக்கற அன்னிக்கு வந்திருந்தானே, உங்களுக்குச் சந்தனம் குடுத்தானே. அவன் போகல. லோரியில ஏறிட்டான், நான்தான் எறக்கிட்டேன்.

அது ஒரு கதை. அது எங்க ஆத்தோரத் தோட்டத்துல. நான் கடைசி அட்டையக் காட்டறதுக்காகப் போறேன், பாத்தா லோரி மேல மொத வரிசையில இவன் நிக்கறான். என்கிட்டச் சொல்லவே இல்ல. பெட்டியக் கீழ வச்சுட்டு ஓடிப்போய் அவன் காலப் புடிச்சு இழுத்தேன். சிப்பாய் துப்பாக்கியத் திருப்பினான். நான் விடல. 'இவனுக்கு வாந்திபேதி, இவன ஏத்தாதீங்க'ன்னு மலாய்ல கத்தினேன். ஜப்பான்காரனுக்கு அந்தச் சீக்குன்னா நடுக்கம். அவனே எட்டி ஒதச்சுக் கீழ தள்ளிட்டான். தம்பிக்கு என் மேல ஆத்திரம், 'ஊருக்கெல்லாம் சோறு உண்டுன்னியே, எனக்கு மட்டும் இல்லியா'ன்னு கேட்டான். பளார்னு ஒண்ணு விட்டேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க. அப்புறம் பெட்டியத் தூக்கிட்டு வந்து மேல நின்னவங்களுக்குக் கடைசி அட்டையக் காட்டினேன். தொழில் தொழில்தானே.

ஏன் எறக்கினேன்னா என்ன சொல்றது? கூடப் பொறந்தவன். அதுவும் இல்லாம, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி நானும் ஒகாதாவும் புது அட்டைங்க வாங்க ஈப்போ ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். ஒரு ஓரமா ஒரு கூட்ஸ் பெட்டி நின்னுது, வடக்கே சயாம்லேருந்து வந்தது. கதவத் தொறந்து ஆளுங்கள எறக்கறாங்க. எறக்கறாங்கன்னா, தூக்கித் தூக்கிக் கீழ வைக்கறாங்க. நம்ம ஆளுங்க. ஒருத்தனுக்கு முட்டிக்குக் கீழ எலும்பு தெரிஞ்சுது. அவன் என்னை அடையாளம் கண்டுக்கிட்டான். 'படக்காரண்ணே, தண்ணி'ன்னான். ஒகாதா என் சட்டையப் புடிச்சு இழுத்து, பாக்காதே, நடன்னான். நடந்தோம். அதுக்கப்புறம்தான் ஒகாதா படுத்தது. காய்ச்சல்னு சொன்னான், தொட்டுப் பாத்தா சூடே இல்ல. அந்தக் கதைய இனிமே சொல்ல வேணாம், பிள்ளைங்க கதை மட்டும் சொல்லுன்னான். நான்தான், 'ஐயா தொவான், இந்தக் கதைதான் நமக்கு நல்லாப் போகுது, நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்லி அட்டைய வாங்கிட்டு வந்தேன். அவனுக்கு மனசு தைரியம் பத்தாது.

அதை வச்சு எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க. அந்தப் பெட்டியில இருந்தது கொஞ்சம் பேருதான். அத்தன ஆயிரம் பேரு வேலை செய்யற எடத்துல நாலு பேருக்குச் சீக்கு வரத்தான் செய்யும். நான் என்ன டாக்டரா?

எப்பன்னா கேக்கறீங்க? இருங்க, சொல்றேன். ஸ்டேஷன்ல பாத்தது தீபாவளிக்கு முன்னாடி. எண்ணெய் இல்லாத தீபாவளி, அதனால நல்லா ஞாபகம் இருக்கு. தம்பிய எறக்கினது தீபாவளி வாரம். உங்க தோட்டத்துக்கு வந்தது... அதுக்கு முன்னாடியா இருக்கணும். இல்ல இல்ல, இருங்க. உங்க தோட்டத்துக்கு நான் தனியா வந்தேன்ல. ஒகாதா படுத்தப்புறம்தானே நான் தனியா வர முடியும். அப்ப கார்த்திகை மாசம். மொதல்ல ஸ்டேஷன், அப்புறம் தம்பி, அப்புறம் ஒகாதா படுத்தான், அப்புறம் எட்டாங்கட்டை. சரியா வந்துடுச்சு. வயசானாலும் எனக்கு ஞாபகம் தப்பாது, அட்டைய மாத்தி அடுக்கினதே கெடையாது.

ஏன் எழுந்துட்டீங்க? உட்காருங்க சம்பந்தி. தோசை வருது. நான் ஒளிக்காம சொல்றேன், நீங்க கோவப்படறீங்களே. உங்க அக்கா கேட்டாங்க, நான் பதில் சொல்லிட்டேன். சத்தியமே பண்ணிட்டேன். தெரியாதுன்னு சொன்னான்னு போய்ச் சொல்லுங்க. அந்தத் தம்பி விஷயத்தச் சொல்ல வேணாம், அது நம்ம குடும்பத்துக்குள்ள. நாம இனிமே ஒரே குடும்பம் ஆகப் போறோம்.

என்னம்மா வனமாலா, நீ ஏன் வெளிய வந்தே? கையில என்ன? அது பூ வச்ச அன்னிக்குக் குடுத்த சேலை இல்ல? அதை எதுக்கும்மா அவர் கையில குடுக்கறே? அவரு கேட்டாரா? அவங்க வீட்டுல வேணாம்னு இன்னும் சொல்லவே இல்லியே, நீயா ஏன் முந்திக்கறே? சம்பந்தி, வாங்காதீங்க, அவ சின்னப் பொண்ணு. பாத்தீங்களா, ஊரு என் பொண்ணு மனசையும் கலைச்சு வச்சிருக்கு. ஏம்மா, உள்ள நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தே? தோசையே ஊத்தலியா?

அழாதே. அழுதா எனக்குத் தாங்காது. நீயே சொல்லு, மாமா முன்னாடியே சொல்லு. உன் சித்தப்பன் அந்த லோரியில நிக்கறான். நீயா இருந்தா என்னம்மா பண்ணியிருப்பே? எறக்காம விட்டிருப்பியா?

என்னது? சத்தமாச் சொல்லு, காதுல விழல.

எல்லாரையுமா?

என்னம்மா பேசறே நீ. எல்லாரையும் எறக்கிட்டா அப்புறம் லோரி எப்படிப் போகும்?